இன்று உங்கள் முறை: மாமன்

சேசு மரி சூசை

கம்பம் வட்டாரம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை அருண் ஜோசப் அவர்களுக்கு மாமனார் பெனடிக்ட் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். அங்கு நீங்கள் நலமாக இருப்பதை மெர்லின் ஞாயிறு தவறாமல் போனில் சொல்லிவிடுகிறாள். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவதால் கேட்கிற வேலையும் மிச்சம். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்த மழையில் மீந்தது இந்தப் பக்கம் தூறலாக விழுகிறது. சுருளிப்பட்டித் தோட்டங்களில் திராட்சைக் கவாத்து முடிந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை. வேறு விசேஷம் இல்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நமது கூட்டுக் குழாய்ப் பாசன சங்கத்தின் தலைவர் இஞ்ஞாசிமுத்து என்னிடம் அறிக்கை ஒன்று கேட்டிருக்கிறார். சங்கத்தின் தண்ணீர் முறைக் கணக்கை எங்கள் வீட்டு முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து நீங்கள் கிளவுடில் வைத்துக் கொடுத்தீர்களே, கணக்கைத் தானே பராமரித்துக்கொள்ளும் அந்த மேனேஜ்டு டேட்டாபேஸ் சேவையின் நிறை என்ன, குறை என்ன, சோதனைக் காலம் முடிந்த பிறகும் அதிலேயே தொடரலாமா அல்லது பழையபடி முன்னறைக்கே திரும்பலாமா என்று அடுத்த மாதம் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி கூடி முடிவு செய்யப்போகிறது. அறிக்கை என்னுடையது. ஆனால் அடியில் ‘பரிசீலித்தேன்’ என்று பெங்களூர் இன்ஜினியர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் கமிட்டி நம்பும். கமிட்டிக்குத் தெரிந்த ஒரே பெங்களூர் இன்ஜினியர் நீங்கள். ஆகையால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்னறைக்குத் திரும்ப வேண்டும். காரணங்கள் கீழே வருகின்றன. நீங்களே கட்டியதை வேண்டாம் என்று நீங்களே கையெழுத்திட வேண்டியிருப்பது சங்கடம்தான். இலாகாவில் இது சகஜம்.

தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்தவனுக்கு ஆதியிலிருந்து ஆரம்பிக்காமல் எழுத வராது. உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரக் கிணற்றிலிருந்து மேட்டு நிலத்துக்குக் குழாய் போகிறது. குழாய் ஒன்று, தோட்டம் பல, ஆகவே ஆளுக்கு ஒரு முறை. கரண்ட் போனால் முறை தள்ளிப்போகும். ஒருவர் வீட்டில் கல்யாணம் என்றால் தன் முறையை அடுத்தவருக்கு மாற்றிக் கொடுப்பார், அடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கு மோட்டார் புகையும். இதையெல்லாம் மனிதர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில்தான் எழுதிவைக்க நேரும் என்று கம்ப்யூட்டர் வாங்கி, அதை எங்கள் முன்னறையில் வைத்து, சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நிலம் இல்லாதவனுக்கு முறையைப் பற்றிப் பொய் சொல்ல அவசியம் கிடையாது என்பது அவர்கள் யோசனை. அதிலிருந்து காலையில் பல் விளக்கி வருவதற்குள் முன்னறைப் பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கும். ‘செயலாளரே, என் முறை என்னிக்கு வருது?’ காபி டம்ளர் கழுவி மாளாது. உங்கள் அத்தை எஸ்தர் இருந்தவரை அவள் புலம்பினாள். அவளுக்குப் பிறகு அந்தப் புலம்பலை நான் எடுத்துக்கொண்டேன். அதைப் போனில் கேட்டுத்தான் நீங்கள், “மாமா, இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது” என்று சொல்லி இந்த ஏற்பாட்டைச் செய்தீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். முறை இப்போது அவரவர் போனுக்கே செய்தியாகப் போய்விடுகிறது. ஒரு தொந்தரவும் இல்லை. சேவையின் பிரதான குறை அதுதான், ஆனால் அறிக்கையில் அதை அப்படியே எழுத முடியாது என்பதால் வேறு குறைகளைத் தேட வேண்டியதாயிற்று.

முதலில் நிறைகள். அவற்றை மறைப்பது முறையல்ல. பழைய கம்ப்யூட்டருக்குள் பல்லி ஒன்று குடியிருந்தது. அது குறுக்கே ஓடும்போதெல்லாம் சங்கம் நின்றுபோகும். நான் மூடியைத் திறந்து, தூசி தட்டி, பல்லியை வேறு பக்கம் போகச் சொல்லி மூடுவேன். இதே வேலையைத்தான் புதிய சேவை ‘மெயின்டனன்ஸ்’ என்று பெயரிட்டுத் தானே செய்துகொள்கிறது. ஓட்டை இருந்தால் அடைத்துக்கொள்கிறது. புதிய பதிப்பு வந்தால் ஏற்றிக்கொள்கிறது. தினமும் தன்னை நகல் எடுத்துக்கொள்கிறது. அது போக, வேறொரு கட்டடத்தில் இன்னொரு டேட்டாபேஸ் இதற்குத் துணையாக நிற்கிறதாம். அதற்கு வேறு வேலையே கிடையாது. முதலாவது உயிரோடு இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதும், அது விழுந்தால் அந்த இடத்தில் தான் நிற்பதும்தான். இயந்திரங்களுக்கு இந்த ஏற்பாட்டை யோசித்தவர் குடும்பஸ்தராக இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினாலும் உங்கள் கைபேசிக்கு உடனே தகவல் வந்துவிடுகிறது என்றும் கேள்விப்பட்டேன். நல்லது. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மெயின்டனன்ஸ் சம்பந்தமாக ஒன்று. உங்கள் அலுவலகத்திலிருந்து இந்த வேலையைப் பார்த்துக் கொடுத்த சுபாஸ்ரீ என்ற பெண், வாரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு நேரத்தை அதற்காக ஒதுக்கித் தரச் சொன்னார். அப்போதே பெஞ்சு காலியாக ஆரம்பித்திருந்தது. காலண்டரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். எல்லா நேரமும் பொருந்தி வந்தது.

காலைதோறும் அந்தச் சேவையிலிருந்து எனக்கு ஒரு மெயில் வருகிறது. ‘அன்புள்ள பெனடிக்ட், உங்கள் நகல் வெற்றிகரமாக எடுக்கப்பட்டது.’ அன்புள்ள என்று எழுதியவருக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று ஆரம்பத்தில் தினமும் பதில் எழுதினேன். மிக்க நன்றி, இங்கு மழை இல்லை, பெரியகுளம் மாம்பழம் இந்த வருடம் பிந்துகிறது, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டு எழுதினேன். பிறகுதான் அடியில் சின்ன எழுத்தில், இந்த முகவரி பதில்களைப் பெறாது என்று இருப்பதைக் கவனித்தேன். எங்கள் காலத்தில் பேச மட்டும் செய்து கேட்காத லைனைப் பழுது என்று குறித்துக்கொண்டு, ஏணியை எடுத்துக்கொண்டு ஆள் போவான். இதை அறிக்கையில் குறை வரிசையில் சேர்த்திருக்கிறேன்.

கமிட்டியில் இந்த ஏற்பாட்டை முதல்முதல் விளக்கியபோது கிளவுட் என்றால் மேகம் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னது தப்பாகப் போயிற்று. மேட்டுத் தோட்டத்து மலைச்சாமி எழுந்துவிட்டார். “மேகமா? மேகம் கூடுனா திராட்சைக்கு நோவு விழுமுல்ல? அதுல கொண்டுபோயி முறையை வைக்கிறேங்கிறீக?” என்றார். அது நிஜ மேகம் இல்லை, மும்பையில் ஒரு கட்டடம் என்றேன். “அப்ப கட்டடம்னு சொல்லிட்டுப் போங்களேன். எந்தத் தெரு?” என்றார். தெருவை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நான் சொன்னதும், “தெரு சொல்லாதவனுக்கு எங்க வீட்டுல பொண்ணே குடுக்க மாட்டோம்” என்று உட்கார்ந்துவிட்டார். நான் சுபாஸ்ரீயிடமும் கேட்டுப் பார்த்தேன். “அது பாதுகாப்புக்காகச் சொல்ல மாட்டாங்க அங்கிள்” என்றார். நம் பொருள், நம் பெயர், நாம் போய்ப் பார்க்க முடியாது. மூடியைத் திறக்க முடியாது. அவர்கள் தருகிற கதவு வழியாகக் கேள்வி கேட்கலாம், பதில் வாங்கலாம், அவ்வளவுதான். உள்ளே என்ன பதிப்பு, எந்த அளவு, எப்போது மாற்றம் என்பதெல்லாம் அவர்கள் வைத்த வரம்புக்குள். நாளைக்கு வேறு இடத்துக்குப் போகலாம் என்றால், அவர்களிடம் மட்டும் உள்ள வசதிகளை நம்பிக் கட்டியதையெல்லாம் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். இவை நிஜமான குறைகள், நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். இவற்றால் எனக்கு ஒரு கஷ்டமும் ஏற்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி, தலைவர் ‘அந்த அசம்பாவிதத்தையும் எழுதும்’ என்று சொல்லியிருப்பதால், முறை விஷயத்துக்கு வருகிறேன். கணக்கை மாற்றி ஏற்றி முடித்ததும் சுபாஸ்ரீ போனில், “அங்கிள், ஒவ்வொரு மெம்பர் பேருக்கு நேராவும் முறைன்னு ஒரு கட்டம் இருக்கு. சரியா இருக்கான்னு பார்த்து, தப்பா இருந்தா திருத்திடுங்க” என்றார். சென்னைப் பெண். எவ்வளவு பாங்காக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நம் பக்கத்தில் ஒருவர் பேரைச் சொன்னால் அடுத்த கேள்வி ‘ஒங்களுக்கு என்ன முறை வேணும்?’ என்பதுதானே. விவசாயிகளுக்குச் செய்தி அனுப்புமுன் யார் யார் எனக்கு என்ன உறவுமுறை என்று கேட்டு, அதன்படி கூப்பிட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். திறந்து பார்த்தால் பேர்களுக்கு நேரே நீளநீளமாக எண்கள். தேதியையும் நேரத்தையும் இயந்திரம் தன் பாஷையில் அப்படி எழுதிவைக்குமாம், பிறகுதான் தெரிந்தது. ஆளை எண்ணால் கூப்பிடுவது ஜெயிலில்தான் வழக்கம். ஒன்று விடாமல் திருத்தினேன். மலைச்சாமிக்கு நேரே மாமன். கர்ணனுக்கு நேரே மச்சான். சங்கரலிங்கம் எனக்கு உறவில்லை, ஆனால் வயது ஒத்தவர், ஆகவே பங்காளி. கடைமடைத் தோட்டத்து கஸ்தூரியம்மாளுக்குத் தங்கச்சி. அத்தனை பேருக்கும் ஒரு உறவைக் கண்டுபிடித்து முடித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் சேவை தன் கடமையைச் செய்தது. எல்லாருடைய போனிலும் அவரவருக்கு ஏற்றபடி, ‘வணக்கம். இன்று உங்கள் முறை: மாமன்.’

முதலில் வந்தவர் மலைச்சாமி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறைய திருநீறு. “ஏன் செயலாளரே, மாமன் முறைன்னு காலங்காத்தால சொன்னா எப்பிடி? யாரு வீட்டு விசேசம்? காதுகுத்தா, சடங்கா? மோதிரம் போடணுமா, சட்டைத்துணியோட விட்டுருவீகளா? எங்க வீட்டுல அவ பிடிபிடின்னு பிடிக்கிறா.” அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் சங்கரலிங்கம் பத்திரப் பையோடு வந்துவிட்டார். “பங்காளின்னு எவன் போட்டது? எங்கப்பாருக்கு நான் ஒத்தைக்கு ஒரு மகன். எவன் பங்குக்கு வந்திருக்கான்? வரச் சொல்லுங்க அவன!” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே வந்த கர்ணன், “ஒனக்குப் பங்காளி வேறயா? ஏலே, ஒன்னய ஒருத்தனையே இந்த ஊரு தாங்கல. இன்னொரு பங்கு வந்தா நாங்க வருசநாட்டுப் பக்கம் குடிபோயிர வேண்டியதுதான்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சரி, நான் மச்சான்னு வந்திருக்கு. ஒங்க தங்கச்சி எங்கன?” என்று கேட்டார். அதற்குள் பெஞ்சு நிறைந்து, பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி, அதுவும் போதாமல் கம்ப்யூட்டர் மேசை மேல் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு மலைச்சாமி சிரித்த சிரிப்பில் சங்கரலிங்கமே பத்திரப் பையைக் கீழே வைத்துவிட்டார். பால் பற்றவில்லை, வரக்காபிதான் போட்டேன். அவரவருக்கு நான் என்ன முறை போட்டேன் என்று ஒவ்வொருவராக வாசித்துக் காட்டச் சொன்னார்கள். ‘சித்தப்பா’ என்று போட்ட ஒருவர் தனக்கு அவ்வளவு வயசாகவில்லை என்று சண்டைக்கு வந்தார். அதுவரை குழாயில் யாருக்கும் தண்ணீர் போகவில்லை. அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

நான் என் கடமையை மறக்காமல் இடையில் சுபாஸ்ரீயைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன். அந்தப் பெண், “அங்கிள், பதறாதீங்க. நீங்க திருத்துறதுக்கு முந்தின நிமிஷத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுவந்திடலாம்” என்றார். நான் பதறவில்லை என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அடுத்த காபி கொதித்து வருமுன் முன்னறையில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக ஒலித்தன. சரியான நாள், சரியான நேரம். ஒவ்வொருவராகப் போனைப் பார்த்தார்கள். “இந்தா, இப்ப எனக்குத்தான்” என்று கர்ணன் எழுந்து ஓடினார். மற்றவர்களும் போனார்கள். மலைச்சாமி மட்டும் வாசலில் நின்று, “அப்ப விசேசம் எதுவும் இல்லயா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு போனார். நாற்காலிகளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதிலிருந்து கமிட்டிக்கு நான் எழுதியிருக்கும் தொழில்நுட்பக் கருத்து: சேவை பெட்டியைத்தான் காக்கும், பெட்டிக்குள் நாம் போடுவது சரியா என்று கேட்காது. என் தவறைக்கூட அது இரண்டு கட்டடங்களில் பத்திரமாக வைத்திருந்தது. ஆனால் முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதி அபாரமானது. அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது என்று சுபாஸ்ரீ சொன்னார். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு முந்திப் போக முடியாதாம். அதற்கு முந்திய நிலை வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்டேன். “எவ்வளவு முந்தி அங்கிள்?” என்றார். சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதையும் குறைகளில் சேர்க்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மிச்சக் குறைகளைத் தேடி நான் பட்ட பாடு சொல்லி முடியாது. ரோடு போடுகிறவர்கள் கேபிளை வெட்டியபோது, இதோ இன்டர்நெட் போனது, சங்கம் நின்றது என்று முகம் கழுவிச் சட்டை மாற்றி உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. போன் டவர் வழியாக எல்லாருக்கும் முறை போய்ச் சேர்ந்திருக்கிறது. வெட்டியது என் வீட்டு லைனை மட்டும்தான். சோதனைக்காக நான் தனியாக வைத்திருந்த இன்னொரு டேட்டாபேஸிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் அது தானாக உறங்கிவிடும் என்றும், யாராவது கேட்டால் விழித்துக்கொள்ளும் என்றும், ஆனால் முதல் பதில் மட்டும் சற்றுத் தாமதமாக வரும் என்றும் ஒரு மெயில் வந்தது. அது குறை என்று இன்டர்நெட்டில் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதெல்லாம் யாராவது வாசலில் கூப்பிட்டால் எனக்கும் முதலில் குரல் எழும்புவதில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நிறை குறை இரண்டையும் தூக்கிப் பார்த்ததில், நம்மைப் போன்ற சிறிய சங்கத்துக்கு இவ்வளவு பெரிய பாதுகாப்பு தேவையில்லை என்றும், முறைக் கணக்கு மறுபடி முன்னறைக்கே வருவதுதான் உசிதம் என்றும் முடித்திருக்கிறேன். கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்திருக்கிறேன். இரண்டாவது பெஞ்சு ஒன்றுக்கும் ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். இத்துடன் இணைத்துள்ள அறிக்கையில் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்.

மெர்லினிடம் என் அன்பைச் சொல்லவும். உங்கள் இருவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை இடுகிறேன், தபாலில் கலையாமல் வந்து சேரட்டும். உங்கள் வேலையில் உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கு இறைவன் நல்ல புத்தியையும், உங்களுக்குப் போதிய தூக்கத்தையும் தருவாராக.

இப்படிக்கு,
மாமனார்,
பெனடிக்ட்,
செயலாளர்.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சற்றுமுன் கஸ்தூரியம்மாள் வந்திருந்தார். மேட்டுக் குழாயின் கடைசியில் தனியாகத் தோட்டம் பார்க்கிறவர். வெகுநாளைக்குப் பிறகு வாசலில் ஆள், அதுவும் முறை கேட்க. ஒருவழியாகச் சேவை கெட்டுவிட்டது என்று நினைத்து, “என்னம்மா, முறை வரலியா?” என்று ஆவலோடு கேட்டேன். “அதெல்லாம் டாண்ணு வருதுண்ணே. திரும்பப் பழைய மாதிரியே ஆக்கப்போறீகன்னு தலைவர் வீட்டுல பேசிக்கிட்டாக. அதான், வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்” என்றார். ஏன் என்றேன். “முறை கேக்க இங்கன வந்தா அன்னிக்குப் பொழப்பு போச்சுண்ணே. பஸ்ஸு பிடிச்சு வரணும். வந்தாலும் சட்டுனு சொல்லுவீகளா? கம்பம் எக்ஸ்சேஞ்சுல புயல் அன்னிக்கு ஒத்தை ஆளா நீங்க லைனு குடுத்த கதையை முழுசாக் கேட்டாத்தான் முறை வெளிய வரும். களையெடுக்குற நாள்ல அத ஒக்காந்து கேக்க முடியுமாண்ணே?” என்றார். எல்லாரும் இப்படித்தான் நினைத்தார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “மலைச்சாமி அண்ணன் மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. பெஞ்சுல ஒங்க பக்கமா இருக்குற காது அவுகளுக்குக் கேக்காது” என்றார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பஸ் வந்துரும்ணே என்று போய்விட்டார்.

ஆகையால் அறிக்கையில் நிறைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிட்டுக் கையெழுத்திடவும். சேவை தொடரட்டும். ஆசாரியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். சுபாஸ்ரீயிடம் ஒரு சின்ன வேலை மட்டும் சொல்லுங்கள். உறுப்பினர் அட்டவணையில் கடைசி வரியாக என் பேரையும் சேர்க்க முடியுமா? எனக்கு முறை வர வழியில்லை என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். ‘வணக்கம் பெனடிக்ட், இன்று உங்களுக்கு முறை இல்லை’ என்று காலையில் வந்தால் போதும்.